அக்கா வாங்கப் போன துப்பாக்கி

தீபாவளி நேரத்தில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் முறுக்கு வாசம், இன்னொரு பக்கம் சேலைக் கடையிலிருந்து காதைப் பிளக்கும் பாட்டு. நடுவில் ஒரு நகைக்கடை. அதன் வாசலில் நாற்காலி போட்டு ஒரு ஜாகா உட்கார்ந்திருப்பார். மடியில் நீளமான துப்பாக்கி. அவரைத் தாண்டித்தான் நாம் சங்கிலி பார்க்க உள்ளே போவோம். சின்ன வயதில் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பார்க்காதே" என்பார். நான் பார்ப்பேன்.

34 வயது வரை எனக்குத் தெரிந்த துப்பாக்கி அது ஒன்றுதான். பெரியது. எல்லார் கண்ணுக்கும் தெரிவது. யாரோ ஒருவர் சம்பளத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்பது.

போன ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்குப் போனபோது இன்னொரு வகையைப் பார்த்தேன். அது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. யார் கண்ணுக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே செய்தது. அதை வாங்க என்னைத் துணைக்கு அழைத்துப் போனது வேறு யாருமல்ல, கிள்ளானில் என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த என் பெரியம்மா மகள்.

சேலைக் கடைக்கு என்று நினைத்தேன்

கோலாலம்பூரிலிருந்து ஹியூஸ்டனுக்கு நேரடி விமானம் இல்லை. தைப்பேயில் இறங்கி மாறிப் போனேன். காலை வானொலி நிகழ்ச்சியில் "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று ஊரையே எழுப்புகிற எனக்கு, அங்கே நான்கு நாள் எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்றே தெரியவில்லை.

அக்கா அங்கே தாதியாக இருக்கிறாள். போய்ப் பதினான்கு வருடம் ஆகிவிட்டது. அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். அத்தானுக்கு மெக்சிகோ வளைகுடா எண்ணெய் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். ஒரே மகன், 15 வயது. வீடு கேட்டி என்ற மேற்குப் புறநகரில். அங்கிருந்து நகருக்குப் போகும் நெடுஞ்சாலை, பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வளர்ந்த நானே அதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். அதிலும் நெரிசல் இருந்தது என்பது வேறு விஷயம்.

முதல் வாரம் வழக்கமான சுற்றல். பேர்லண்ட் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். ஹில்கிராஃப்ட் சாலையில் மகாத்மா காந்தி வட்டாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சேலை, நகை, இட்லி மாவு எல்லாம் கிடைக்கும். அதனால்தான் வெள்ளிக்கிழமை இரவு அக்கா, "நாளைக்கு ஒரு கடைக்குப் போகணும், கூட வர்றியா?" என்று கேட்டபோது, பொங்கலுக்குச் சேலை எடுக்கத்தான் என்று நினைத்தேன்.

காரில் ஏறிய பிறகுதான் சொன்னாள். ஆகஸ்டு மாதம் ஒரு நாள். அவளுக்கு வேலை மாலை 3 மணியிலிருந்து இரவு 11.30 வரை. மருத்துவமனையின் கார் நிறுத்துமிடம் தனிக் கட்டடம், பல அடுக்கு. அன்று மூன்றாவது மாடிவரை ஒருவன் பின்னாலேயே வந்திருக்கிறான். இவள் ஓடிப் போய்க் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். அவன் வந்து கண்ணாடியை இரண்டு முறை தட்டினான். பிறகு எதுவும் சொல்லாமல் போய்விட்டான்.

"அவ்வளவுதான். தொடக்கூட இல்ல. ஆனா அந்தத் தட்டுற சத்தம் இன்னும் கேக்குதுடி" என்றாள். அத்தானிடம் இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னாளாம். பெரியம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

தடையிலிருந்து தாராளம் வரை

டெக்சஸ் என்றால் இடுப்பில் துப்பாக்கி தொங்கவிட்ட குதிரைக்காரர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. உண்மை வேறு. சில விதிவிலக்குகளோடு, பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்திப் போவதை டெக்சஸ் 1871-லேயே தடை செய்தது. அந்த நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

அது மாறியதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1991 அக்டோபர் 16. கில்லீன் என்ற ஊரில் ஓர் உணவகத்துக்குள் ஒருவன் வாகனத்தை மோதி நுழைத்துச் சுட ஆரம்பித்தான். 23 பேர் இறந்தார்கள். அங்கே அப்பா அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சூசன்னா ஹப். அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது, ஆனால் காரில். கையில் எடுத்துப் போவது சட்டப்படி குற்றம் என்பதால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அன்று அவருடைய அப்பா அம்மா இருவரும் இறந்தார்கள். பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார், மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995-ல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டத்தால், உரிமம் பெற்றவர்கள் 1996 முதல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முடிந்தது.

2021 செப்டம்பர் 1 முதல் அந்த உரிமம்கூடக் கட்டாயம் இல்லை. 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் எடுத்துச் செல்லலாம்.

நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் கூடுதல் தண்டனைச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே 14 ஆண்டுகள் வரை சிறை; அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த இரண்டு பெண்கள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இட்லி சாப்பிட்ட கையோடு துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறோம்.

நகைக்கடை மாதிரியே

உள்ளே போனதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கிள்ளான் நகைக்கடைதான். வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே விளக்கு. மெத்தென்ற துணிமேல் கைத்துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய விலைச்சீட்டு. பெரும்பாலானவை 400 முதல் 600 டாலருக்குள். நம் ஊரில் ஒரு நல்ல கைப்பேசி வாங்கும் பணம்.

கல்லாவுக்குப் பின்னால் 60 வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. பள்ளி நூலகத்தில் பார்த்தால் நூலகர் என்றே நினைத்திருப்பேன். என்னைப் பார்த்து, "நீங்கள் சுற்றுலா விசாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் கண்ணால் மட்டும் பாருங்கள்" என்றார். விசாவில் வந்த சுற்றுப்பயணிகள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அக்கா நேராகச் சொன்னாள்: "எனக்குச் சின்னதா ஒண்ணு வேணும். வெளியே தெரியக்கூடாது."

அந்த அம்மா சிரித்தார். எல்லாரும் அப்படித்தான் கேட்பார்களாம். பிறகு மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார். அதற்கு முன் ஒவ்வொன்றிலும் தோட்டா இல்லை என்று தானும் பார்த்து, அக்காவையும் பார்க்க வைத்தார். மூன்று முறையும் தவறாமல் செய்தார்.

முதலாவது ஒரு சுழல் துப்பாக்கி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஐந்தே தோட்டா. எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. பின்னால் சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருக்காததால் துணியில் சிக்காது. பின்னுக்கு இழுத்து விட வேண்டிய பாகமும் கிடையாது. "கேட்க நன்றாகத்தான் இருக்கும். விசையை அழுத்திப் பாருங்கள்" என்றார். அக்கா அழுத்தினாள். பாதியில் கை நடுங்கியது. அந்த விசை அவ்வளவு கனம். அழுத்துகிற வேகத்தில் குறி தப்பிவிடும் என்றார்.

இரண்டாவது சிக் சாவர் பி365. 2018-ல் வந்தது. அதற்கு முன் இந்த அளவுத் துப்பாக்கிகளில் ஆறு ஏழு தோட்டாதான் இருக்கும். இதில் 10, குழலில் ஒன்று வைத்தால் 11. எடை சுமார் 500 கிராம். வந்த வேகத்தில் மற்ற நிறுவனங்களும் இதே மாதிரி செய்ய ஆரம்பித்துவிட்டனவாம். அக்காவுக்குப் பார்த்ததும் பிடித்துப் போனது. ஆனால் மேல் பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதை ஸ்லைடு என்கிறார்கள். துப்பாக்கி சின்னதாகச் சின்னதாக ஸ்லைடு விறைப்பாகிவிடுகிறது. நோயாளியைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு தேய்ந்துபோன தாதி அவள். இரண்டு முறை பாதியிலேயே விட்டுவிட்டாள்.

மூன்றாவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி. பெயருக்கேற்ப ஸ்லைடு சுலபமாக வருகிறது. கைப்பிடியின் பின்பக்கம் ஓர் அழுத்தம் இருக்கிறது. சரியாகப் பிடித்தால்தான் சுடும். எட்டுத் தோட்டா. ஆனால் முதல் இரண்டையும்விட நீளம்.

"நீளம் என்றால் மறைப்பது கஷ்டம், இல்லையா?" என்றேன் நான். தொடக்கூடாது, கேட்கலாம் அல்லவா?

"அதுதான் இதில் உள்ள சிக்கலே" என்றார் அந்த அம்மா. சின்னதாக இருந்தால் சுலபமாக மறைக்கலாம். ஆனால் லேசான துப்பாக்கி சுடும்போது கையை உதைக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும். குழல் குட்டையாக இருப்பதால் குறி பார்க்கும் தூரமும் குறைவு. வலிக்கிறது என்று பயிற்சிக்கு வரமாட்டார்கள். பயிற்சி இல்லாமல் பையில் கிடக்கும் துப்பாக்கி ஆபத்தைத்தான் கூட்டும். பெரியதாக இருந்தால் நன்றாகச் சுடலாம். ஆனால் வெயில் நேரத்தில் கனமாக இருக்கிறது என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டுக்கும் நடுவில் அவரவர் கைக்கும் உடுப்புக்கும் எது பொருந்துமோ அதுதான் சரி என்றார்.

உடுப்பு என்றதும்தான் அடுத்த சிக்கல். மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கு உறை வேண்டும், உறையைத் தாங்க விறைப்பான இடைவார் வேண்டும். தாதிச் சீருடையில் இருப்பது ஒரு நாடா. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டி இருக்கிறது, ஆனால் எட்டு மணிநேரம் குனிந்து நிமிர்பவளுக்கு அது சரிவராது. கைப்பை? விசையை முழுதாக மூடும் உறையோடு, வேறு எதுவும் வைக்காத தனி அறையில் வைக்க வேண்டும். "பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் போய்விடும். பையை நாற்காலியில் மாட்டிவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் அதே கதைதான்" என்றார்.

நான் சும்மா இருக்காமல், "சேலையில்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா யோசித்தார். அக்கா தமிழில், "ஏன்டி, கொசுவத்துக்குள்ள சொருகச் சொல்றியா?" என்றாள். அங்கேயே சிரித்துவிட்டோம். அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

கடைக்குப் பின்னால் சுடும் பயிற்சிக்கூடம். வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து வாங்கலாம். அக்கா பயிற்றுநரோடு உள்ளே போனாள். நான் தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காதடைப்போடு நின்றேன். அப்படியும் ஒவ்வொரு வெடிச் சத்தமும் நெஞ்சில் வந்து மோதியது. வானொலிக்காரிக்குச் சத்தம்தான் தொழில். ஆனால் இந்தச் சத்தத்தை ஒலிவாங்கிக்கு முன்னால் வைக்க எனக்கு மனம் வராது.

பிடித்துப் போன சின்னதில் முதல் ஐந்து. தாளில் இரண்டு ஓட்டைதான், அதுவும் கீழே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் சிவந்துவிட்டது. பிறகு நீளமானது. ஐந்தில் நான்கு பட்டது. அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதைப் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து அவள் சுமந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தப் பத்து நிமிடம் இறங்கியிருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. துப்பாக்கி வேண்டும் என்கிறவர்களை வெறி பிடித்தவர்கள் என்று ஒதுக்குவது சுலபம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றது பயந்துபோன ஒரு தாய்.

வெளியே வந்ததும் அக்கா, "நீளமானதையே எடுத்துக்கிறேன்" என்றாள். வாங்குவது பெரிய வேலை இல்லை. கூட்டரசுப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும், குற்றப் பின்னணி உண்டா என்று கணினியில் பார்ப்பார்கள். டெக்சஸில் காத்திருப்புக் காலம் கிடையாது. பல நேரம் சில நிமிடங்களில் முடிந்துவிடுமாம்.

அந்த அம்மா படிவத்தை எடுத்துவிட்டு, அதை நீட்டாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், ஹனி?"

"மகன் இருக்கான். 15 வயசு."

"அப்படியென்றால் முதலில் பெட்டியைப் பார்ப்போம்" என்று பாதுகாப்புப் பெட்டிகள் இருந்த அலமாரிக்குக் கூட்டிப் போனார். 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் சுடத் தயாரான துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக விட்டால் டெக்சஸ் சட்டப்படி குற்றம். அவர் அதைச் சொல்லிக்கொண்டே போனார். எண் பூட்டு, விரல்ரேகைப் பூட்டு, சுவரில் திருகி வைப்பது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கேட்கவில்லை. அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னைக்கு வேணாம். யோசிச்சிட்டு வர்றேன்" என்றாள். அந்த அம்மா வற்புறுத்தவில்லை. படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்தார்.

ஏழு நிமிட நடை

காரில் பத்து நிமிடம் அவள் பேசவில்லை. பிறகு அவளாகவே தொடங்கினாள்.

போன வருடம் பள்ளி மாறியதிலிருந்து தம்பி சரியாக இல்லை. சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஆலோசகரிடம் அழைத்துப் போகிறார்கள். இப்போது தேறி வருகிறான். அதைப் பற்றி உறவில் யாருக்கும் தெரியாது.

"நான் எத்தன வருஷம் எமர்ஜென்சி வார்டுல இருந்திருக்கேன். தோட்டா பாஞ்சு வர்றவங்கள்ல எத்தன பேரு தன்னையே சுட்டுக்கிட்டவங்கன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிஞ்சும் அந்தக் கடையில அது ஞாபகத்துக்கே வரலடி. அவங்க கேட்ட பிறகுதான் வந்துச்சு."

அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். செய்திகளில் நாம் பார்ப்பது பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகளை. வீட்டுக்குள் நடப்பது செய்தியில் வருவதில்லை. துப்பாக்கி என்றால் காப்பாற்ற நேரம் கிடைப்பது அரிது என்று அக்கா சொன்னாள்.

எனக்கு இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "அக்கா, ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு போகலாமா?"

போக முடியாது. டெக்சஸில் துப்பாக்கி எடுத்து வரக்கூடாத பல இடங்களில் வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பெரிய எழுத்தில் அறிவிப்பு இருக்கும். அவள் வேலை செய்யும் இடத்திலும் இருக்கிறது. 2011-ல் வந்த சட்டப்படி, ஊழியர் தன் பூட்டிய காருக்குள் வைத்துக்கொள்வதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. ஆகவே துப்பாக்கி காரில் இருக்கும்.

"அப்படின்னா நீ பயப்படுறது கார்வரைக்கும் நடக்கிற அந்த ஏழு நிமிஷத்துக்கு. துப்பாக்கி காருக்குள்ள. நடக்கும்போது உங்கையில என்ன இருக்கும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கில்லீனில் நடந்ததும் இதுதான் என்று இருவருக்குமே தோன்றியிருக்க வேண்டும். அதோடு, கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடப்படும் துப்பாக்கிகள் அந்த ஊர்ப் போலீசுக்கு ஒரு தலைவலி. பூட்டிய காருக்குள் இருக்கிறது என்ற நிம்மதிகூட முழுதாகக் கிடைக்காது.

வீட்டை நெருங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "செக்யூரிட்டிக்குப் போன் பண்ணா கார்வரைக்கும் கூட வருவாங்க. நான் ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல. தொந்தரவு பண்றாளேன்னு நெனைப்பாங்கன்னு."

நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்?

சாப்பாட்டு மேசையில்

அன்று இரவு அத்தான் கடலில். மேசையில் நாங்கள் மூன்று பேர். நெத்திலிச் சம்பல் நான் செய்தது. நெத்திலி கிள்ளானிலிருந்து பெரியம்மா கொடுத்தனுப்பியது. தம்பி இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டான்.

அக்கா அவனிடம் நேராகவே சொன்னாள். காலையில் எங்கே போனோம், ஏன் போனோம், ஆகஸ்டில் என்ன நடந்தது, எல்லாம். அவனுக்கு அந்தக் கார் நிறுத்துமிடக் கதை தெரியாது. முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, வாங்கணும்னா வாங்குங்க. ஆனா இப்ப வேணாம்" என்றான். அதற்கு மேல் விளக்கவில்லை.

அக்காவும் ஏன் என்று கேட்கவில்லை. "சரிப்பா" என்றாள். எழுந்து போய் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் போட்டாள். அவள் கை அவன் தலைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. 15 வயதுப் பையன், தட்டிவிடாமல் உட்கார்ந்திருந்தான்.

கடையில் அந்த அம்மா எடை சொன்னார், தோட்டாக் கணக்குச் சொன்னார், விலை சொன்னார். எல்லாம் தேவையான விவரம்தான். ஆனால் அக்காவுக்குப் பயன்பட்டது "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்" என்ற அந்தக் கேள்வி. அதை ஒரு துப்பாக்கி வியாபாரியே கேட்டார் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். எந்தத் துப்பாக்கி என்று தேர்ந்தெடுப்பதற்கு முன், அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று பார்த்திருக்க வேண்டும். நாங்கள் வரிசை மாற்றிப் போயிருந்தோம்.

இனி வாங்கவே மாட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவள் வாழ்வது அந்த ஊரில். அங்கே பக்கத்து வீட்டிலும் இருக்கிறது, கோயிலில் பக்கத்தில் நிற்பவரிடமும் இருக்கலாம். உரிமம் கட்டாயம் இல்லாவிட்டாலும் அதற்கான வகுப்புக்குப் போகப் போவதாகச் சொன்னாள். நான்கிலிருந்து ஆறு மணிநேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, மூன்று தூரத்தில் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். "தெரிஞ்சு வச்சிக்கிட்டு வேணாம்னு சொல்றது வேற, தெரியாம பயப்படுறது வேற" என்றாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

திரும்பிய பிறகு

டெக்சஸ் போகும் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. சுற்றுலா விசாவில் போனால், உறவினர் ஆசைக்காகக் கூப்பிட்டாலும் சுடும் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். நினைவுப் பொருள் என்று தோட்டா எதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள்; அங்கே விளையாட்டாகத் தெரிவது இங்கே விமான நிலையத்தில் விளையாட்டாக இருக்காது. தங்கப் போகும் வீட்டில் பிள்ளைகள் இருந்து, உங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறீர்கள் என்றால், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதில் தப்பில்லை.

திரும்பி வந்த மறுவாரம் அம்மாவோடு ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போனேன். அதே நகைக்கடை, வேறு ஜாகா. இந்த முறை நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். 50 வயதிருக்கும். நாற்காலிக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக், பாதி குடித்தபடி. "சாப்டீங்களாண்ணே?" என்றேன். ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இனிமேதான்மா" என்றார்.

அன்று இரவு அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவள் நடந்துகொண்டே பேசியிருக்கிறாள். காலடிச் சத்தம் இரண்டு பேருடையது. கூட வரும் பாதுகாவலருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தானாம், முழங்கால் வலியாம், அதனால் மெதுவாகத்தான் நடப்பாராம். "ஏழு நிமிஷம் இப்ப பத்து நிமிஷமாயிருச்சுடி" என்றாள். பிறகு கார்க் கதவு திறக்கும் சத்தம், அவருக்கு நன்றி சொல்லும் குரல், கதவு சாத்தும் சத்தம். அதற்குப் பிறகும் பதிவு சில நொடி ஓடியது. தட்டும் சத்தம் எதுவும் இல்லை.